பள்ளிக்கூடத்தின் மூன்று லேத்துகள்

காலை பத்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது தலைமையாசிரியர் அறைக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்த தாள். ஒட்டி அதிக நேரம் ஆகியிருக்காது. நான்கு மூலையிலும் கஞ்சிப் பசை ஈரமாக இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்திருந்த ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப், எதில் எத்தனை இடம் என்று நீல மையில் வரிசையாக எழுதியிருந்தார்கள். முதல் வரிசையில் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். எல்லோரும் ஃபர்ஸ்ட் குரூப் என்று சொல்வது அது. நடுவில் வணிகவியல். கடைசி வரிசையில் தொழிற்பிரிவு: ஜெனரல் மெஷினிஸ்ட், இருபது இடம்.

நானும் அவளும் சேர்ந்துதான் அந்தத் தாளைப் படித்தோம். நான் மேலிருந்து படித்தேன். அவள் கீழிருந்து படித்தாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த தெருக்களில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்த சந்தில் இருந்தன. அவள் அப்பா எண்ணூர் போகும் வழியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்; கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. எண்ணும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு மாற்று ஆசிரியர் எல்லோரையும் எழுப்பி, என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டபோது, நாற்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர் இன்ஜினியர் என்றார்கள். எண்ணினேன்.

அந்த இருபத்தாறு பேரும் ஒரே ஆளைச் சொல்லவில்லை. சிலருக்கு அது அமெரிக்காவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். ராயபுரத்திலிருந்து வந்த ஒருவனுக்கு அது கப்பலில் வெள்ளைச் சீருடை. மற்றவர்களுக்கு அது வெள்ளை ஹெல்மெட். காலை ஏழே முக்காலுக்கு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். நீல ஹெல்மெட் தொழிலாளி, மஞ்சள் ஹெல்மெட் சூப்பர்வைசர், வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியர். வெள்ளை ஹெல்மெட்காரர்கள் அதைத் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கு நடக்கிற பிள்ளைகள் நாங்கள் அண்ணாந்து அதைப் பார்ப்போம்.

அவள் சொன்ன இன்ஜினியர் வேறு. நின்றுபோன ஒன்றைத் திறந்து பார்க்க உரிமை உள்ள ஆள். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஓர் அடிபம்பு இருந்தது. ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் அது காற்றை மட்டும் துப்ப ஆரம்பித்தது. நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துப் பதினொரு நாளாகியும் ஆள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் அப்பாவின் ஸ்பேனர்களைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்து பம்பின் தலையைக் கழற்றினாள். உள்ளே தோல் வாஷர் கிழிந்து கிடந்தது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று அவர்கள் வீட்டில் மிதியடியாகக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து, கிழிந்த வாஷரை மேலே வைத்து, சாக்பீஸால் வட்டம் போட்டு வெட்டினாள். குடத்தோடு நின்றிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டப்புள்ள பம்பப் பிரிச்சா தண்ணி வராது, பேஜாருதான் வரும்" என்றார் மீன் கூடைக்காரப் பெண்மணி.

தண்ணீர் வந்ததும் அவர்தான் முதல் குடத்தை வைத்தார்.

அந்த ஜூன் திங்கட்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா காலை ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை அவள் நைனா என்பாள். நான் மாமா என்பேன். எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. என் சித்தப்பா ஒரு வங்கியில் வேலை செய்தார். ஃபர்ஸ்ட் குரூப் எடுக்காமல் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போவது கஷ்டம் என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதை அப்படியே சொன்னேன். அவள் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வேடிக்கையாக இருந்தது.

"ஃபர்ஸ்ட் குரூப்புல இன்னா இன்னா கீது, சொல்லு."

சொன்னேன்.

"உயிரியல்னா?"

"தவளய அறுக்கறது மாமா."

"தவளய அறுத்துட்டு இன்ஜினியரு ஆவறதா? எங்க பிளான்ட்ல நா இருவத்திரெண்டு வருசமா கீறேன். ஒரு தவளயக் கண்டதில்ல."

உள்ளே அவள் அம்மா சிரித்தது கேட்டது. பிறகு மாமா விளக்கினார். அவர்கள் பிளான்டின் தலைமை இன்ஜினியர், இரும்பு கடைகிற லேத்தில் நின்று மேலே வந்தவர். ஷாஃப்டைக் கட்டை விரலால் தடவியே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக வருகிற இளைஞர்கள் காகிதத்தைப் பார்த்துச் சொல்வார்கள், பாதி நேரம் தப்பாக இருக்கும். மெஷினைத் தொட்டுப் பழகிய பிள்ளையை விட்டுவிட்டுத் தொடாத பிள்ளையை எவன் எடுப்பான் என்று கேட்டார். என் சித்தப்பா இன்ஜினியரைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருப்பார். மாமா தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிறவர். அவர் சொன்னதுதான் சரி என்று நானும் நினைத்தேன். அந்தத் தலைமை இன்ஜினியர் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவருக்குப் பிறகு அந்த வழியில் மேலே வந்தவர் அங்கே யாரும் இல்லை.

சந்து முனைவரை அவள் கூட வந்தாள்.

"மெஷினத் தொட வுடற குரூப்பு அது ஒண்ணுதாண்டி" என்றாள்.

பள்ளிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் மூன்று லேத்துகள் இருந்தன. பழைய நாளில் ஒரு தொழிற்சாலை கொடுத்தவை. இரண்டு ஓடும், ஒன்று உதிரி பாகத்துக்கு. அந்தக் குரூப்பில் சேர்ந்த பத்தொன்பது பேர் பையன்கள், இருபதாவது ஆள் அவள். தாவணியோடு லேத் பக்கம் வரக்கூடாது என்று பயிற்சி ஆசிரியர் சொன்னதால், அவளுக்கு மட்டும் தலைமையாசிரியரின் எழுத்து மூல அனுமதி வந்தது. செய்முறை நாட்களில் சுடிதார் போட்டு, அதன் மேல் மாமாவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டி, பின்னலைச் சுருட்டித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பையன்கள் முதல் மாதம் அவளை 'ஃபோர்மேன்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். மூன்றாவது மாதம் உதிரிக்கு வைத்திருந்த லேத்தை அவள் பிரித்து ஓட்டிக் காட்டினாள். அதன் பிறகும் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் சந்தேகம் கேட்கும்போது.

நான் அம்மா சொன்னபடி ஃபர்ஸ்ட் குரூப்பில் இருந்தேன். என் வகுப்பு மாடியில். மூன்றாவது பெஞ்சின் ஜன்னலிலிருந்து கொட்டகையின் கதவு தெரியும். கதவு வழியாக முதல் லேத்தின் ஒரு பாதி. முழு ஆள் தெரியமாட்டாள். காக்கிச் சட்டையின் முழங்கை, கைப்பிடிச் சக்கரம், அதைத் திருப்புகிற விரல்கள், இவ்வளவுதான். செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு பீரியட். மேலே நாங்கள் திருகு அளவியில் ஒரு கம்பியின் தடிமனை அளந்து எழுதிக்கொண்டிருப்போம். கீழே இரும்பு வெட்டுப்படும் சத்தம் ஒரே சீராக வரும். மின்சாரம் போனால் அந்தச் சத்தம் இறங்கி இறங்கி நிற்கும். நான் பேனாவை மூடிவிடுவேன்.

அந்த ஜன்னலில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஜன்னல்களின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாகிவிட்டது. அந்த அளவுக்கு ஒன்றிலிருந்து வெளியே பார்த்தது இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மேலே வருவாள். லேத்தில் சூடு தணிய ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீரின் வாடை அவள் விரலில் இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. சில நாள் நீலமாக வெந்த இரும்புச் சுருள் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுவாள். உள்ளங்கையில் சிராய் ஏறியிருந்தால் என் காம்பஸ் முனையால் எடுத்துவிடச் சொல்லுவாள். எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், சிராயைத்தான் பார்ப்பாள், எவ்வளவு நீளம் என்று.

ஒரே ஒரு தடவை என்னை உள்ளே கூட்டிப்போனாள். ஆசிரியர் இல்லாத நேரம். கைப்பிடிச் சக்கரத்தில் என் கையை வைத்து, அதன் விளிம்பில் இருந்த கோடுகளைக் காட்டினாள்.

"ஒரு கோடு மட்டும். அதுக்கு மேல போவாத. ஒரு கோடுன்னா ஒரு தலமுடி கனம்கூட கெடையாது."

திருப்பினேன். மூன்று கோடு போய்விட்டது. அவள் லேத்தை நிறுத்தி, கடைந்த இரும்புத் துண்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"இது போச்சி" என்றாள். திட்டவில்லை. அந்தத் துண்டைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டினாள்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை முடிந்த கொஞ்ச நாளில் பொறியியல் படிப்புக்கான விண்ணப்பம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நானும் அவளும் வரிசையில் நின்று ஆளுக்கொன்று வாங்கினோம். திரும்பி வந்து திருவொற்றியூர் ரயில் நிலையத்தின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பென்சிலால் முதலில் நிரப்பிப் பார்ப்பது என்று முடிவு. மணி ஒன்றரை. முதல் பக்கத்தை அவள் எனக்கு முன்பே முடித்துவிட்டாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஃபிட்டர் என்று கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே பாடங்களின் பெயரை அச்சிலேயே போட்டிருந்தார்கள்: கணிதம், இயற்பியல், வேதியியல். எதிரில் மூன்று கட்டம்.

"இதுல நா இன்னாடி எழுதறது?"

அவள் படித்த பாடங்கள் தொழிற்பிரிவின் பாடங்கள். அவற்றுக்குக் கட்டம் இல்லை. நான் கூடவே கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். அந்த நேரம் எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் வந்து கடந்தது. ஐம்பத்திரண்டு டேங்கர்கள். அது போய் முடியும்வரை யாரும் பேச முடியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றில், அரைப் பக்கத்துக்குக் குறைவாக, தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்று தனியாகச் சில இடங்கள் உண்டு என்று போட்டிருந்தது. சொற்ப இடங்கள். விரல் வைத்துக் காட்டினேன். அவள் அதை மூன்று தடவை படித்தாள். பென்சிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஆறரை மணிக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. கையில் அந்தப் புத்தகம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அந்த அரைப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்போ மெஷின் தெரிஞ்ச புள்ளைங்களுக்குக் கொஞ்சூண்டு. தெரியாத புள்ளைங்களுக்கு மீதியெல்லாம். அப்டித்தான போட்டுக்கீது?"

ஆமாம் என்றேன்.

"யாரு எய்தனது இத்த?"

பக்கத்தின் அடியில் பெயர் இல்லை, ஒரு பதவிதான் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். மாமா தலையை ஆட்டினார். புத்தகத்தை நீளவாக்கில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூனில் நான் சொன்னதை ஞாபகப்படுத்தவும் இல்லை.

மார்ச்சில் பொதுத் தேர்வு. அவளுடைய செய்முறைத் தேர்வுக்கு ஓர் இரும்புத் துண்டைப் படிப்படியாகக் கடைய வேண்டும். தேர்வில் செய்ததைக் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய நாள் பயிற்சிக்குச் செய்த இன்னொன்றை அவள் எனக்குக் கொடுத்தாள். கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு முனை மெலிந்து, நடுவில் தடித்து, மறு முனையில் பிடிக்க வாகாகச் சொரசொரப்பு. அடியில் வருகைப் பதிவேட்டில் அவளுடைய எண்ணான பதினேழைக் குத்தியிருந்தாள். தடித்த பாகத்தின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர், வரைபடத்தில் அப்படித்தான் என்றாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

செய்முறையில் அவளுக்கு முழு மதிப்பெண் வந்தது. அந்தச் சொற்ப இடங்களுக்கான பட்டியலிலும் பெயர் வந்தது. கவுன்சலிங் அழைப்புக் கடிதத்தில் காலை பதினொரு மணி என்றிருந்தது. மாமா லீவு போட்டார். நானும் கூடப் போனேன். கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்துப் பத்து மணிக்கே போய்விட்டோம். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன் பையில் மடித்த அந்தப் புத்தகம். அரங்குக்குள் மாணவருடன் ஒருவருக்குத்தான் அனுமதி. நான் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததை மாமா எனக்கு அன்றே சொன்னார். அவள் சில நாள் கழித்துச் சொன்னாள். தனித்தனியாகச் சொன்ன இரண்டும் பொருந்தின. அதனால் எழுதுகிறேன்.

அரங்கில் ஒரு பெரிய திரை. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஓர் அதிகாரி. ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் இடம் தேர்ந்தெடுப்பார்கள். அவள் முறை வந்தபோது சென்னையில் மெக்கானிக்கல் முடிந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஓர் இடம் மிச்சம். ஒன்றே ஒன்று. போடட்டுமா என்று அதிகாரி கேட்டார். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தூரத்தைப் பற்றிப் பேசவில்லை. விடுதியைப் பற்றியும் பேசவில்லை. அதற்கெல்லாம் முந்தின ராத்திரியே வீட்டில் சம்மதம் ஆகியிருந்தது.

"அந்தக் காலேஜ்ல லேத்து எத்தினி கீது சார்?"

அதிகாரிக்குத் தெரியவில்லை. அவர் மனிதர் நல்லவர், எரிந்து விழவில்லை என்று மாமாவே சொன்னார். மாமா விடவில்லை. பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்புகிறேன், லேத் இல்லாத இடத்துக்கு அனுப்பி என்ன பிரயோசனம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஏதோ யோசித்துச் சொல்லத் தொடங்கினார். அப்போது மூன்றாவது மேசையில் இருந்த ஒரு பையன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணுன்னு இருந்துச்சி" என்று அவள் பின்னால் சொன்னாள். "நா பாத்துகினே கீறேன். பூஜ்யம் ஆயிடுச்சி."

மீதி இருந்த பிரிவுகளை அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் வேண்டாம் என்றாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். அவள் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போய்க் குனிந்து, நிறைய நேரம் குடித்தாள். மாமா என் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஜன்னல் ஓரம். சைதாப்பேட்டை தாண்டியதும் மாமா குனிந்து, அவளுக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டார்.

"நா கேட்டது தப்பாம்மா?"

தப்பில்லை மாமா என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்து அதே அரங்கில் என் முறை. அம்மா பக்கத்தில் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் என்று சித்தப்பா எழுதிக் கொடுத்த சீட்டு அம்மா கையில் இருந்தது. நான் திரையைப் பார்த்து மெக்கானிக்கல் என்றேன். அதிகாரி, பெண்கள் பொதுவாக அதை எடுப்பதில்லை என்றார். மறுபடி சொன்னேன். வெளியே வந்ததும் ஏன் என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன். மரத்தடியில் இருந்த தண்ணீர்க் குழாயை யாரோ சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். போய் மூடினேன்.

அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். தொழிற்பிரிவு படித்தவர்களுக்கு அங்கே நேராக இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. முடித்ததும் கொருக்குப்பேட்டையில் சரக்கு யார்டை ஒட்டிய ஒரு பட்டறையில் வேலை. பம்புக்கான உதிரி பாகங்கள் செய்யும் இடம். அதற்குள் நாங்கள் வீடு மாறியிருந்தோம். சண்டை எதுவும் இல்லை. அவள் ஷிப்டுக்குப் போகிற நேரம் நான் கல்லூரி பஸ்ஸில் இருப்பேன். கடைசியாக அவளைத் தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது கையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. புதிதாக இரண்டு இன்ஜினியர்கள் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"நா சொல்லித் தர்றேன். அவனுங்க கையெய்த்துப் போடறானுங்க" என்று சிரித்தாள். "நல்ல பசங்கதான்."

உன் பட்டறைக்கு ஒரு நாள் வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் தொழிற்சாலைக்குப் போகவில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு நாளிதழில் சேர்ந்தேன். இன்ஜினியரிங் படித்தவள் என்பதால் ஒவ்வொரு வருடமும் கவுன்சலிங் செய்தி என் தலையில் விழும். ஏழு வருடம் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் குறிப்பு நோட்டோடு நின்றிருக்கிறேன். வெளியே வரும் அப்பாக்களை நிறுத்தி, உள்ளே என்ன கேட்டீர்கள் என்று கேட்பேன். விடுதி, பஸ் வசதி, வேலை வாங்கித் தருகிறார்களா, கட்டணம் எவ்வளவு, எந்த மதிப்பெண்ணில் முடிந்தது. எல்லாம் நியாயமான கேள்விகள். லேத் எத்தனை என்று கேட்ட ஒருவரை நான் பார்க்கவில்லை.

நான் படித்த கல்லூரியில் ஒன்பது லேத்துகள் இருந்தன. சேர்ந்த முதல் வாரமே போய் எண்ணினேன். ஒரு லேத்துக்கு ஆறு பேர். நான் கடைந்த துண்டு அளவுக்குக் கீழே போய்விட்டது, அதைக் கழிவுப் பெட்டியில் போட்டேன்.

இரண்டாம் ஆண்டில் அளவியல் ஆய்வகம் வந்தது. ஒரு புதன்கிழமை மதியம், மூன்று மணி இருபது நிமிடம். கொடுத்த வேலையை முடித்துவிட்டு, பையிலிருந்து பதினேழு என்று குத்தியிருந்த இரும்புத் துண்டை எடுத்தேன். எண்ணெய்த் துணியால் துடைத்தேன். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை காட்டும் மைக்ரோமீட்டர் மேசையில் இருந்தது. தடித்த பாகத்தை இந்த ஓரம், நடு, அந்த ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து குறித்தேன்.

மூன்று இடத்திலும் இருபத்தைந்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.